சில்க் ஸ்மிதாவின் சோகம் நிஜமாகவே மறைந்துதான் இருந்ததா?

கடைசிவரிசை:
'அலைகள் ஓய்வதில்லை' (1981) மறுபடி பார்த்தேன். தியாகராஜனின் மனைவியாக வரும் சில்க் ஸ்மிதா, ஆட்டமும் கிடையாது கவர்ச்சியும் கிடையாது, அப்படி நடித்திருக்கிறார். அதற்கப்புறம் ஏன் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு மட்டுமே கூப்பிட்டார்கள்? 1996 செப்டம்பர் 23, வயது 35, போய்விட்டார். புகழுக்குப் பின்னால் மறைந்திருந்த சோகம் என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். கூடவே இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

பழையரீல்:
மறைந்திருந்தது என்பதே நமக்கு வசதியான பேச்சு. ஏலூர்ப் பக்கத்துக் கிராமத்து விஜயலட்சுமி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்று, சின்ன வயதிலேயே கல்யாணம் பண்ணிவைத்து, அது சரிவராமல் சென்னைக்கு வந்து நடிகைகளுக்கு டச்சப் போட்டுக்கொண்டிருந்தவர், 1980-ல் 'வண்டிச்சக்கரம்' பாத்திரத்தின் பெயர் சில்க் என்பதால் கடைசிவரை சில்க் ஆகிவிட்டார். பெயர் அவருடையது இல்லை, பல படங்களில் குரலும் வேறொருவருடையது. குணச்சித்திர வேடம் வேண்டும் என்று பேட்டிகளில் வெளிப்படையாகத்தான் கேட்டார். அவர் பாட்டு இருந்தால் படம் விலைபோகும் என்று விநியோகஸ்தர் நினைக்கும்போது எந்தத் தயாரிப்பாளர் அதையெல்லாம் காதில் வாங்குவார்?

மழைக்காகிதம்:
நல்ல வேடம் கிடைத்திருந்தால் தப்பித்திருப்பார் என்கிறீர்களா? சாவித்திரிக்குக் கிடைக்காத வேடமா! 'மாயா பஜார்', 'பாசமலர்' என்று உச்சத்தில் இருந்தவர், சொந்தமாகப் படம் எடுத்துப் பணத்தை விட்டு, குடியில் விழுந்து, ஒரு வருஷத்துக்கு மேல் கோமாவில் கிடந்து 1981 டிசம்பரில் இறந்தார்.

பழையரீல்:
சரி, ஆனால் சாவித்திரியை நடிகையர் திலகம் என்றாவது கொண்டாடினார்கள். ஸ்மிதா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாலே திமிர் என்று பேசிய ஊர் இது. அவர் வாழ்க்கையைத் தழுவியது என்று பேசப்பட்ட 2011 இந்திப் படத்தில் நடித்ததற்கு வித்யா பாலனுக்குத் தேசிய விருது. வித்யா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நன்றாகவே நடித்தார், ஆனாலும் எரிகிறது.

கடைசிவரிசை:
விருது விஷயம் இப்படி யோசித்ததில்லை. 'மூன்றாம் பிறை'யையே எடுத்துக்கொள்ளுங்கள், 'பொன்மேனி உருகுதே' எல்லாருக்கும் தெரியும். அதில் ஸ்மிதா நடித்த பெண் வயதான தலைமையாசிரியருக்கு வாழ்க்கைப்பட்டுத் தனியாகக் கிடப்பவள் என்பது என் கூட்டாளிகளில் ஒருத்தனுக்கும் ஞாபகமில்லை. பாட்டு வந்ததும் விசில், மற்ற காட்சிகளில் டீ குடிக்க வெளியே போயிருப்பார்கள் போல.