வயசானவங்க சர்வே உங்க வீட்டுக்கு வந்துச்சா?

தாராவிப் பொண்ணு
வந்துச்சு. மும்பை தேவ்னார்ல இருக்கிற மக்கள்தொகை ஆய்வு நிறுவனம் (ஐஐபிஎஸ்) நாடு முழுக்க வயசானவங்களைப் பத்தி எடுக்கிற லாசி சர்வே, முதல் சுற்று, 2018. நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்கு உள்ள எங்க வீடு. கீழ ஒரு ரூம், இரும்பு ஏணி ஏறினா மேல ஒண்ணு. அம்மாவுக்கு அப்போ 66.

"டாக்டர் யாராவது உங்களுக்கு பிபி இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?"ன்னு இந்தியில கேட்டா வந்த பொண்ணு. அம்மா "நஹி"ன்னாங்க. பொய்யில்ல. தம்பியைப் பெத்ததுக்கப்புறம் அம்மா எந்த டாக்டர்கிட்டயும் போனதே இல்ல. கால்வலின்னா மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை.

அடுத்து கைப்பலம் பார்க்கிற கருவி. முப்பது வருஷம் முறுக்கு பிழிஞ்ச கை. பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்திட்டு என்னைப் பெருமையாப் பார்த்தாங்க. அதுக்கப்புறம் பிபி. ஒரு தடவை, ரெண்டு, மூணு. மூணு தடவை எடுக்கறதுதான் அவங்க முறையாம், எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணு முகத்தையே பார்த்துட்டு நின்னேன். 190க்கு 110. சீட்டுல எழுதி என் கையில கொடுத்து, "இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க தீதி"ன்னா.

அந்த "நஹி" இன்னும் என்னை விடல. கேள்வியோட நிறுத்தியிருந்தா கணக்குல எங்கம்மா நல்லா இருக்கிறவங்க.

வடாலா குமார்
எழுதிட்டுப் போறாங்க, சரி. அப்புறம்? எங்க அப்பாவுக்கு 74. 70 தாண்டின எல்லாருக்கும், வருமானம் பார்க்காம, வருஷத்துக்கு 5 லட்சம் வரை இலவச சிகிச்சைன்னு 2024 அக்டோபர்ல வந்ததும், அந்த அரசாங்க ஆயுஷ்மான் திட்டத்தோட வய வந்தனா கார்டு எடுத்தேன். ஒரு ஆஸ்பத்திரி கவுன்டர்ல நீட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் ரெண்டு விரலால திருப்பித் தள்ளினான். "அட்மிட் ஆனாத்தான் அங்கிள்." அப்பாவுக்கு சுகர், பிபி, மூட்டுவலி. இதுக்கெல்லாம் யார் அட்மிட் ஆவாங்க? மாசம் 3,800 ரூபா மருந்துக்கே போகுது. வெளிய வந்ததும் அப்பா கார்டைத் துடைச்சு, பத்திரமா சட்டைப் பையில வெச்சுக்கிட்டார். அதைப் பார்க்க முடியல என்னால.

ரயில்வே காலனி
எங்க வீட்டுக்கும் லாசிதான். பத்து வார்த்தை வாசிச்சாங்க, அப்பா அஞ்சு சொன்னார். வேற ஏதேதோ கேட்டுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு அதே பத்தைத் திரும்பக் கேட்டாங்க. ரெண்டுதான் வந்தது. அப்பா என் வாயைப் பார்த்தார். நான் சத்தமில்லாம உதட்டை அசைக்கப் போனேன். சர்வே எடுத்தவர் என் பக்கம் கையைத் தூக்கினார், வேண்டாம்னு. டிக்கெட் கவுன்டர்ல முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்த மனுஷன். நாலு வருஷம் கழிச்சுத்தான் டாக்டர் டிமென்ஷியா, அதாவது மறதி நோய்னு சொன்னார். அந்த ஆய்வோட தொடர்ச்சியில, 60 தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்குன்னு வந்தது. எனக்கு அப்பா என்னைப் பார்த்த பார்வைதான் மனசுல நிக்குது.

செம்பூர் மீனாட்சி
குமார் அண்ணா, "அப்புறம்?" என்று கேட்டீர்களே, அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நோய் இருக்கிறதா என்று வாயால் மட்டும் கேட்டால், டாக்டரைப் பார்க்க வசதி உள்ளவர்கள்தான் நோயாளி ஆவார்கள். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002லேயே இதைச் சொன்னார்: ஆயுள் அதிகமான கேரளத்தில் நோய் என்று சொல்கிறவர்களும் அதிகம், பீகாரில் குறைவு. கையில் பிபி பட்டை கட்டி அளந்ததால்தான் தாராவி அம்மா கணக்கில் வந்தார்.

மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது எனக்கு எதுவுமே தெரியவில்லை. அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். அட்மிஷனுக்கு முந்தைய 3 நாள், டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய 15 நாள் மருந்துச் செலவும் வய வந்தனா திட்டத்தில் சேரும். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். தனியார் பாலிசியோ, தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயோ இருந்தாலும் கார்டு எடுக்கலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ், முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டங்களில் இருந்தால் அதுவா இதுவா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 65க்கு மேல் புது பாலிசி கிடையாது என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள், அந்த வரம்பு 2024ல் போய்விட்டது. 60 தாண்டியவர்களின் பிரீமியத்தை வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கம்பெனி தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, 2025 ஜனவரியில் காப்பீட்டுக் கட்டுப்பாட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவு. மாத மருந்துக்கு, பிராண்டு இல்லாத மருந்தைக் குறைந்த விலைக்கு விற்கும் அரசுத் திட்டமான ஜன் ஔஷதி கடையில் கேளுங்கள். பிராண்டு பெயரோடு போகாமல் மருந்தின் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து போடுவது 2013-14ல் 64.2 சதவீதம், 2021-22ல் 39.4. குறைந்திருப்பது நல்லதுதான். ஆனால் குமார் அண்ணா அப்பாவின் 3,800 ரூபாய் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

வடாலா குமார்
ஜன் ஔஷதி பார்க்கிறேன் மா. தாராவித் தங்கச்சி, அன்னிக்கே கூட்டிட்டுப் போனீங்களா?

தாராவிப் பொண்ணு
இல்லண்ணா. ஒன்பது நாள் கழிச்சு. தீபாவளி ஆர்டர், அடுப்பை அணைக்க முடியல. ஓபிக்குக் காலையில போனா மத்தியானம் ஆயிடும், ஒரு நாள் சரக்கு போயிடும். சீட்டை சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருந்தேன். வரிசையில உட்கார்ந்திருக்கும்போது அம்மா என் கையைப் பிடிச்சு இறுக்கிக் காட்டினாங்க. "பாரு, இன்னும் பலம் இருக்குடி."