மெல்லிய முடிக்கு எந்தப் பொமேட் (முடியை வாரி நிறுத்தப் பூசும் பசை) ஒத்துவரும்?

நண்பர்களே, என் தலைமுடி பூனைமுடி போல மெல்லியது, அடர்த்தியும் குறைவு. பெட்ரோலியம் ஜெல்லியும் தேன்மெழுகும் கலந்த பொமேட் ஒன்றைப் பூசிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் முடி கற்றை கற்றையாக ஒட்டிக்கொண்டு, இடையிடையே மண்டை எட்டிப் பார்த்தது. எண்ணெய் வழியப் படிய வாரிய பள்ளிக்கூடப் பையன் தோற்றம்! மூன்று முறை ஷாம்பு போட்டும் பிசுக்குப் போகாதது தனிக்கதை.

நீரில் கரையும் வகை எளிதில் கழுவிப் போய்விடும். ஆனால் பளபளப்பு இருந்தால் அது மண்டையை இன்னும் எடுத்துக்காட்டுமே என்று தயங்குகிறேன். கயோலின் போன்ற களிமண் சேர்ந்த, மினுமினுப்பில்லாத வகை முடியைத் தடிப்பாகக் காட்டும் என்கிறார்கள். என்னைப் போன்ற முடி உள்ளவர்கள் யாராவது பயன்படுத்துகிறீர்களா? மாலை வரை தாங்குகிறதா? பட்டாணி அளவு போதுமா? ஈரத்தோடு தடவுவதா, டிரையரால் உலர்த்திய பிறகா?