மறு: காலிப்பர் பிராக்கெட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

இந்த இழை தொடங்கிய நாளிலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் எழுதத் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. நீங்களெல்லாம் பெயர் தேடிக்கொண்டிருந்த அந்தப் பொருளையே வீட்டுப் பட்டறையில் செய்துகொண்டிருந்தேன். சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கைப் பெரிதாகப் போடுவதற்காக, வேறொரு காரின் நான்கு பிஸ்டன் காலிப்பரை (பிரேக் கட்டைகளை டிஸ்க்கில் அமுக்கும் பாகம்) என் கார் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) மாட்ட வேண்டியிருந்தது. துளைகள் ஒத்துப்போகவில்லை. அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் அலுமினியத் துண்டு. அதைத்தான் எல்லோரும் பிராக்கெட் என்கிறோம். நகத்திடுக்கிலிருந்து அலுமினியத் தூள் போவதற்குள் எழுதுகிறேன். கொஞ்சம் பட்டறை வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பிராக்கெட்டுக்கு "தாங்கி" என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுத்தாகிவிட்டது. பேரிங்கைத் தாங்கி என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். நம் பிராக்கெட் முடுக்கப்படும் அதே நக்கிளுக்குள்தான் சக்கர பேரிங்கும் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம். "தாங்கியைக் கழற்றிவிட்டுத் தாங்கியில் ஆட்டம் இருக்கிறதா பார்க்கவும்" என்று ஒரு செய்முறை எழுதினால் படிப்பவர் எதைக் கழற்றுவார்?

> "பிரேக் பிடி" என்றே சொல்லலாமே. சின்னது, எளியது.

சின்னதுதான். ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் அலறுவதுபோல் இருக்கிறதா? பிரேக் என்ற சொல் நம்மிடம் வந்து சேர்ந்ததுமே "பிடி" என்ற வினையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரேக் பிடிக்கிறது, பிரேக் பிடிக்கவில்லை, பிரேக் பிடித்துப் பிடித்துக் கால் வலிக்கிறது. ஆகவே அந்த இரண்டு சொல்லும் நேராகப் பக்கத்தில் உட்கார முடியாது. ஆனால் "பிடி"யை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதற்குத் திரும்பி வருகிறேன்.

அதற்கு முன் ஒன்று. நாம் ஒரு சொல்லைத் தேடுகிறோம். பிராக்கெட் என்ற பெயரில் சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதோ மூன்று வெவ்வேறு பொருள்கள். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர் புழங்குகிறது என்பதற்காக நாமும் அந்தக் குழப்பத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

ஒன்று, நகரும் வகைக் காலிப்பரோடு தொழிற்சாலையிலிருந்தே வரும் இரும்பு வார்ப்பு. அது நக்கிளில் அசையாமல் முடுக்கப்பட்டிருக்கும். காலிப்பர் அதில் இரண்டு பின்களைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரும். பிரேக் கட்டைகள் உட்காருவதும் அந்த வார்ப்பில்தான். டிஸ்க் சுழலும்போது கட்டைகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும் அல்லவா, அந்த இழுவையை வாங்கிக்கொள்வது காலிப்பர் இல்லை, இந்த வார்ப்பு. காலிப்பருக்கு அமுக்குகிற வேலை மட்டும்தான். இதற்கு "ஏந்தி" என்று முதல் மடலிலேயே ஒருவர் சொல்லியிருந்தார். எனக்குச் சம்மதம்.

இன்னொன்று, பிரேக் ஆயில் ஹோஸ் டயரில் உரசாமல் பிடித்து வைக்கும் சின்னத் தகடு. "குழாய்க் கொக்கி" போதும். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது என் மேசையில் கிடக்கும் துண்டு. ஒரு காரின் நக்கிளையும் இன்னொரு காரின் காலிப்பரையும் சேர்த்து வைப்பது. சொல் வேண்டியது இதற்குத்தான். அது என்ன வேலை செய்கிறது என்று தெரியாமல் பெயர் வைத்தால் நாளைக்கு வழக்கில் நிற்காது, ஆகவே ஒரு கணக்கு.

1,500 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். டயர் வழுக்கும் எல்லை வரை, அதாவது ஏறத்தாழ 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமான) வேகத்தணிவில், பிரேக் பிடித்தால் மொத்தம் சுமார் 14,700 நியூட்டன் விசை வேண்டும். அதில் 70 விழுக்காட்டை முன்சக்கரங்கள் ஏற்கின்றன என்றால் ஒரு முன்சக்கரத்துக்கு 5,150 நியூட்டன். அது டயர் தரையைத் தொடும் இடத்தில், நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி. கட்டைகள் டிஸ்க்கைப் பிடிப்பதோ 12.5 செ.மீ. ஆரத்தில். ஆரம் குறைந்த அளவுக்கு விசை ஏறும்: 12,000 நியூட்டனைத் தாண்டிவிடுகிறது. ஒரு டன்னுக்கு மேல் எடையை அந்தத் துண்டில் தொங்கவிட்டதற்குச் சமம், ஒவ்வொரு முறை அழுத்திப் பிரேக் பிடிக்கும்போதும்.

இந்த இழுவையை எது தடுத்து நிறுத்துகிறது? போல்ட்டின் தண்டு என்றுதான் நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. 12 மி.மீ. போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை போடுகிறோம். தண்டு துளைச் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே கிடையாது. போல்ட்டை முடுக்கும்போது அது ரப்பர்போல மிகக் கொஞ்சம் நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்த்து இரண்டு முகங்களையும் சேர்த்து நெரிக்கிறது. 10.9 தர (உயர்வலிமை எஃகு) 12 மி.மீ. போல்ட்டை முறையாக முடுக்கினால் ஏறக்குறைய 50,000 நியூட்டன் நெரிப்பு வரும். இரண்டு போல்ட்டுக்கு ஒரு லட்சம். உராய்வு எண்ணை 0.15 என்று வைத்தால், 15,000 நியூட்டன் வரை முகத்தோடு முகம் வழுக்காமல் நிற்கும். தேவை 12,000. காலிப்பர் கொஞ்சம் தள்ளி நிற்பதால் வரும் முறுக்கலையும் சேர்த்தால் கையிருப்பு இன்னும் குறையும். போல்ட் பாதி இறுக்கத்தில் இருந்தால் கணக்கு அங்கேயே தோற்றுவிடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்பதும், சேரும் முகங்களில் பெயிண்ட் அடிக்காதீர்கள் என்பதும் இதனால்தான். பெயிண்ட் மெல்ல நசுங்கும், நசுங்கிய அளவுக்கு நெரிப்பு போய்விடும்.

சரி, இப்போது சொல்லுக்கு வருவோம்.

> மாட்டைக் கட்டும் முளைபோல இது காலிப்பரைக் கட்டி வைக்கிறது. "முளைத்தகடு" எப்படி?

படித்ததும் மனம் அங்கேயே நின்றுவிட்டது. ஓடப் பார்க்கும் ஒன்றை ஓடவிடாமல் வைத்திருப்பது என்ற பொருள் அப்படியே வந்துவிடுகிறது. ஆனால் மேலே போட்ட கணக்கு இதற்கு எதிராக நிற்கிறது. முளை தன் தண்டின் பலத்தால் நிற்பது. கயிறு பக்கவாட்டில் இழுக்க, அது முறியாமல் நிற்கிறது. நம் துண்டு அப்படி நிற்பதில்லை. முகங்கள் வழுக்கி, போல்ட் தண்டு துளைச் சுவரில் மோதி முளையாக நிற்கத் தொடங்கினால், அது சீக்கிரம் ஒடியப்போகிற போல்ட். சொல்லைப் படித்துப் பொருளைப் புரிந்துகொள்ள முயலும் ஒரு புதியவருக்குத் தவறான படத்தைக் கொடுத்துவிடுவோம்.

> கோயில் தூணின் "போதிகை" இருக்க வேறு எதற்கு?

இதை எழுதியவருக்கு என் கும்பிடு. தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் இருப்பது போதிகை. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி நடுவில் ஒரு முனையை நீட்டி விட்டார்கள், விஜயநகரக் காலத்தில் அது தாமரை மொட்டாகத் தொங்க ஆரம்பித்தது. நடுவில் இருப்பது என்பது வரை பொருத்தம். ஆனால் போதிகை மேலிருந்து இறங்கும் எடையை வாங்கிக் கீழே தூணுக்குக் கொடுக்கிறது. நம் துண்டில் காரின் எடை துளிகூட இறங்குவதில்லை; அது பேரிங் வழியாகப் போய்விடும். வண்டி நிற்கும்போது இதற்கு வேலையே இல்லை எனலாம். சுவரில் அலமாரிப் பலகையைத் தாங்கும் பிராக்கெட்டுக்குப் போதிகையைக் கொடுங்கள், கனகச்சிதமாக உட்காரும். இங்கே வேண்டாம்.

ஆக, இது நிற்பது பிடிப்பால். அதனால் "பிடி" திரும்ப வருகிறது. இரண்டுக்கு இடையில் நிற்பதால் முன்னால் "இடை". என் முன்மொழிவு: இடைப்பிடி.

"இடைத்தகடு" என்றும் யோசித்தேன். ஆனால் இது எப்போதும் தகடாக இருப்பதில்லை. ரேடியல் வகைக் காலிப்பருக்கு (போல்ட்கள் சக்கர அச்சுக்குக் குறுக்காக இறங்குவது) செய்வது கட்டையாக, சில நேரம் எல் வடிவில் வரும். வடிவத்தைப் பெயரில் போட்டால் வடிவம் மாறும்போது பெயர் பொய்யாகிவிடும்.

இடைப்பிடி என்றதும் நடனப் பாட்டுதான் நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதப்போகிறீர்கள், தெரியும். முதலில் சிரித்தவன் நானே. ஆனால் இடைத்தேர்தல், இடைவேளை, இடைத்தரகர் என்றெல்லாம் சொல்லும்போது யாருக்கும் இடுப்பு நினைவு வருவதில்லையே. நாலு முறை எழுதினால் பழகிவிடும்.

ஒரு கலைச்சொல்லை அகராதியில் வைத்துப் பார்ப்பதைவிட வேலை நடக்கும் இடத்தில் வைத்துப் பார்ப்பதே எனக்குப் பிடித்த சோதனை. வேற்றுமை உருபு ஏறுகிறதா, பன்மை ஆகிறதா, அவசரத்தில் வாயில் நுழைகிறதா? கடந்த வாரம் பட்டறையில் வேண்டுமென்றே இப்படிப் பேசிக்கொண்டேன்:

"முதலில் அட்டையில் ஓர் இடைப்பிடி வெட்டி வைத்துப் பார், சக்கரத்தின் ஆரக்காலில் காலிப்பர் இடிக்கிறதா என்று."

"இடைப்பிடியின் உள்மூலைகளைக் கூராக விடாதே, குறைந்தது 6 மி.மீ. வளைவு கொடு." அலுமினியத்துக்கு இது கட்டாயம். இரும்புக்கு ஓர் எல்லைக்குக் கீழே எத்தனை முறை சுமை வந்து போனாலும் களைப்பு வராது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு எல்லையே இல்லை, கூர்மூலையில் மெதுவாக வெடிப்பு விடும். 6061-டி6 அலுமினியம் சுமார் 275 மெகாபாஸ்கல் வரை வளையாமல் நிற்கும் என்பதைப் பார்த்து அதன் பக்கத்தில் போய்விடாமல், தாராளமாகத் தடிமன் விட வேண்டும்.

"இடைப்பிடியில் நேரடியாக மரை போட்டால் ஆழம் போல்ட் விட்டத்தைப்போல் இருமடங்கு இருக்கட்டும்." 12 மி.மீ. போல்ட்டுக்கு 24 மி.மீ. அவ்வளவு தடிமன் இல்லையென்றால் எஃகு மரைச்சுருள் செருக வேண்டியதுதான்.

எல்லாம் தடையில்லாமல் வந்தது. "இடைப்பிடிகள்", "இடைப்பிடித் துளை", "இடைப்பிடி முகம்", எதுவும் நாக்கில் சிக்கவில்லை. சிக்கியது வேறொரு சொல்: "காலிப்பரை எடுத்துக் காலிப்பரை அளந்தேன்." அளக்கும் கருவிக்கு வெர்னியர் அளவி என்ற பள்ளிப்பாடச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம், பிரேக்கில் இருப்பது காலிப்பராகவே இருக்கட்டும். அதையும் "கிடுக்கி" ஆக்க வேண்டும் என்ற மடலுக்கு நான் எதிரியில்லை, ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றினால் ஒன்றும் ஒட்டாது.

சொல் உண்மையில் எனக்குள் ஒட்டியது ஒரு தவறினால்தான். முதலில் செய்த துண்டில் ஒரு முகத்தை வெட்டிவிட்டுத் திருப்பி வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) வைத்தபோது, அடியில் மெல்லிய அலுமினியச் சுருள் ஒன்று சிக்கியிருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. வெட்டி முடித்து, மாட்டி, ஓட்டியும் ஆயிற்று. பிரேக் நன்றாகத்தான் பிடித்தது. சில வாரம் கழித்துக் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தால் இரண்டும் ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தன. துண்டை டயல் கேஜில் (நுண்ணிய மேடுபள்ளம் காட்டும் அளவி) வைத்துப் பார்த்தபோது ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 0.3 மி.மீ. வித்தியாசம். 0.05-க்குள் இருந்திருக்க வேண்டும். நகரும் காலிப்பர் நடுவில் நிற்காவிட்டால் பின்களில் நகர்ந்து தானே சரிசெய்துகொள்ளும். சாய்வை அதனாலும் சரிசெய்ய முடியாது. நான் மாட்டியிருந்த நிலையான வகையோ எதையுமே மன்னிக்காது. அன்றைக்கு யாரும் கேட்காமலே வாயில் வந்தது: "சே, இடைப்பிடி சாய்ந்துவிட்டது." பிராக்கெட் என்று வரவில்லை. அந்தத் துண்டு இப்போது மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு சிறு விஷயம். இழையில் இரண்டு பேர் "பிராக்கெட்டைக் கடைந்து எடுத்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். கடைசலில் சுழல்வது பொருள். வெட்டும் உளி சுழலாது. இங்கே பொருள் வைஸில் அசையாமல் கிடக்கிறது, வெட்டி சுழல்கிறது. இதற்குத் "துருவல்" என்று எழுதுகிறார்கள். பறக்கிற பொடிச் சுருள்களைப் பார்த்தால் அந்தப் பெயர் பொருத்தம்தான், ஆனாலும் என் வாயில் "வெட்டி எடுத்தேன்" என்றுதான் வருகிறது. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

பிடிவாதம் இருப்பது அடுத்த சொல்லில். இடைப்பிடிக்கும் காலிப்பருக்கும் நடுவே, காலிப்பரை டிஸ்க்கின் நடுவுக்குக் கொண்டுவர 0.1, 0.2 மி.மீ. எஃகுத் தகடுகள் வைக்கிறோம். ஷிம். தமிழில் பேசும்போது அது சிம் கார்டாகிவிடுகிறது. "ரெண்டு சிம் போடு" என்றால் உதவிக்கு வந்த பையன் போனைப் பார்க்கிறான். சாய்கிற ஒன்றுக்கு முட்டுக் கொடுப்பதை "அண்டை கொடுப்பது" என்பார்கள், அதிலிருந்து "அண்டைத்தகடு" என்று எழுதிப் பார்த்தேன், கொஞ்சம் கனமாக இருக்கிறது. ஆடுகிற மேசையின் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கிறோமே, அதற்கு உங்கள் பக்கத்தில் ஏதாவது பெயர் உண்டா?