குறைந்த அளவு நிவோலுமேப் (புற்றுநோய்க்கான ஊசி மருந்து) எடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். பெரியப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய். முப்பது ஆண்டு புகையிலைப் பழக்கம். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த எட்டாம் மாதமே கழுத்தில் திரும்பிவிட்டது. இனி இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலைக் கொண்டே புற்றைத் தாக்கும் சிகிச்சை என்கிறார்கள்; அந்த வகை மருந்துதான் நிவோலுமேப்.

எனக்குப் புரிந்தவரை, புற்றணுக்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி, தாக்க வரும் டி செல் என்ற நோயெதிர்ப்பு அணுவின் பிடி-1 ஏற்பியைப் பிடித்து அடக்கிவிடுகின்றன. நிவோலுமேப் அந்தப் பிடியை விடுவிக்கிறது. ஆனால் சில புற்றணுக்கள் தம்மைக் காட்டிக்கொடுக்கும் எம்.எச்.சி. புரதத்தையே குறைத்துக்கொள்கின்றனவாம். ஆளே தெரியாதபோது கையை அவிழ்த்துவிட்டு என்ன பயன்? இங்கேதான் திணறுகிறேன். இதை முன்கூட்டியே கண்டறியப் பரிசோதனை உண்டா?

முழு அளவு மருந்தின் செலவு எங்களுக்குக் கட்டாது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை ஆய்வில், கீமோ மாத்திரைகளுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் சேர்த்தபோது, ஓராண்டு கடந்து உயிருடன் இருந்தோர் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆக உயர்ந்தார்கள். இதை எடுத்துக்கொண்டவர்கள், எத்தனை ஊசிக்குப் பிறகு மாற்றம் தெரிந்தது, தைராய்டு பாதிக்கப்பட்டதா என்று சொல்லுங்கள். புற்றுநோய் மருத்துவர்கள் யாரேனும் இருந்தால், அடுத்த சந்திப்பில் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

மூலிகை விளம்பரங்களைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பெரியம்மாவிடம் நான்கு பாட்டில் இருக்கிறது.