வியட்நாம் பயணம்: துணி துவைப்பதும் பணமும்

வணக்கம் நண்பர்களே. பிப்ரவரி கடைசியில் அம்மாவுடன் ஹனோய், ஹோய் ஆன் போகிறேன். ஆளுக்கு 7 கிலோ பைதான், நடுவில் துணி துவைத்தே ஆக வேண்டும். அப்போது ஹனோயில் தூறலும் ஈரக்காற்றுமாக இருக்கும், அறையில் கொடி கட்டினால் காயாது. கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகளில் அம்மாவின் சுங்குடிச் சேலையை நம்பிக் கொடுக்கலாமா? சாயம் இறங்கிவிடும், டிரையர் சூட்டில் சுருங்கிவிடும் என்று பயப்படுகிறார். கேட்டால் தனியாகத் துவைப்பார்களா?

அப்புறம் பணம். ஏடிஎம்மில் ரூபாய்க் கணக்கு காட்டினால் மறுத்துவிட்டு அந்த ஊர்ப் பணமான டாங்கிலேயே எடுக்க வேண்டும், அது தெரியும். டாலராகக் கொண்டுபோய் மாற்றுவது லாபமா, முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டா? 20,000 டாங், 5,00,000 டாங் இரண்டுமே நீல நோட்டு. அவசரத்தில் மாறிப்போகாமல் எப்படிச் சமாளித்தீர்கள்? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.