புதுப்பிப்பு: உதகைக் குளிரில் நனைந்த கம்பளி விரிப்பு உலர்ந்துவிட்டது

டிசம்பர் மழையில் சன்னல் வழியே சாரல் அடித்து, உதகையிலுள்ள எங்கள் வீட்டுக் கம்பளி விரிப்பு முழுவதும் நனைந்துவிட்டதாகவும், வெயில் தலைகாட்டாத நாளில் அதை எப்படி உலர்த்துவது என்றும் முன்பு கேட்டிருந்தேன். நான்காம் நாளான இன்று அது முற்றிலும் உலர்ந்துவிட்டது.

முதல் நாள் கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் ஓடவிட்டது என் தவறு. விரிப்பிலிருந்து கிளம்பிய ஈரம் வெளியேற வழியின்றி, குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து சட்டத்தில் வழிந்து நின்றது. அறையைச் சூடாக்கினால் மட்டும் போதாது, ஈரக்காற்றை அவ்வப்போது வெளியேற்றவும் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

அதன்பின் பழைய துண்டுகளை விரிப்பின்மேல் பரப்பி, ஏறி மிதித்து, அவை ஈரம் இழுப்பது நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தேன். பாதி வேலை இதிலேயே முடிந்துவிட்டது. பிறகு விரிப்பை இரண்டு நாற்காலிகளின் மேல் போட்டு, ஹீட்டரைத் தள்ளி வைத்து, அடியில் காற்றுப் புகுமாறு மேசை விசிறியை ஓடவிட்டு, நண்பகலில் மட்டும் பத்து நிமிடம் சன்னலைத் திறந்தேன்.

மூன்றாம் நாளே மேற்புறம் காய்ந்ததாகத் தோன்றினாலும், அடிப்புறத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தபோது சில்லென்றிருந்ததால், இன்றுவரை தரையில் விரிக்காமல் காத்திருந்தேன். ஓரத் தையலில் லேசாக எழுந்திருந்த பூஞ்சை வாடையும் இப்போது இல்லை.