ஆலை மூடியது, சொன்ன வேலையும் வரவில்லை. பிறகும் ஏன் அதே ஆளுக்கு ஓட்டு?

திண்டல் மணி:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஒரு பழைய எஃகு நகரம். 1977 செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை அங்கே ஒரு பெரிய உருக்காலையை மூடுவதாக அறிவித்தார்கள், சுமார் 5,000 பேருக்கு வேலை போனது, அப்புறம் மற்ற ஆலைகளும் வரிசையாகப் போயின. மிஞ்சிய பெரிய ஆறுதல், பக்கத்து லார்ட்ஸ்டவுனில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை. 2017 ஜூலையில் ட்ரம்ப் யங்ஸ்டவுனில் கூட்டம் போட்டு, போன வேலையெல்லாம் திரும்பி வருகிறது, யாரும் வீட்டை விற்காதீர்கள் என்றார். 2018 நவம்பரில் அந்தக் கார் ஆலையையும் நிறுத்தப்போவதாக கம்பெனி சொல்லிவிட்டது. 2019 மார்ச்சில் கடைசி கார் வெளியே வந்தது.

அடுத்த தேர்தலில் ஆளைத் துரத்தியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 2012ல் ஒபாமாவுக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்ட மஹோனிங் மாவட்டம் (யங்ஸ்டவுன் அங்கேதான்) 2020ல் ட்ரம்ப் பக்கம் போனது. 1972க்குப் பிறகு ஜனாதிபதித் தேர்தலில் ட்ரம்பின் குடியரசுக் கட்சி அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. லார்ட்ஸ்டவுன் இருக்கும் ட்ரம்புல் மாவட்டத்தில் அவருடைய வித்தியாசம் 2016ஐ விடக் கூடிவிட்டது. வயிற்றுப்பாடுதான் காரணம் என்றால் ஓட்டு எதிர்ப்பக்கம் அல்லவா போயிருக்க வேண்டும்? சும்மா 'முட்டாள்கள்' என்று எழுதுபவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும்.

கிளீவ்லாந்து ராஜி:
மணி அண்ணா, நான் அந்தப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பில்லிங்கில் வேலை பார்த்தேன். ஆலை மூடி, காப்பீடும் போன பிறகு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டணச் சலுகைக்கு ஒரு படிவம் உண்டு. ஐம்பது வயது ஆள், தோள் இரண்டும் மெஷினில் தேய்ந்துபோனவர், பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் அதைக் கேட்பார். வாங்கியதும் நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து நிரப்பிக் கொண்டுவருவார். கவுண்டரில் பேனா இருக்கும், நாற்காலி இருக்கும், ஆனால் அங்கே உட்கார மாட்டார்.

இவர்கள் பரம ஏழைகள் இல்லை, வாழ்ந்து கெட்டவர்கள். சீனியர் ஆள் என்றால் மணிக்கு 30 டாலர் சம்பளம், அப்பாவும் அதே ஆலை, ஊரில் ஒரு மரியாதை. மூடியதும் வேறு மாநிலத்து ஆலைக்கு மாற்றல் தருகிறோம் என்றார்கள். போனவர் சொந்த வீட்டுக்கே விருந்தாளி, போகாதவர் வந்த வேலையை உதறிய சோம்பேறி என்று பெயர். உழைத்தவன் முன்னேறுவான் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி வளர்க்கும் நாடு இது, அப்படியென்றால் விழுந்தவன் உழைக்காதவன் என்றுதானே ஆகிறது? அந்த அவமானத்தை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. மனைவியிடம்கூட.

அந்த நேரம் ஒருவர் மேடையேறி, தப்பு உன்மேல் இல்லை, சீனாக்காரன் திருடினான், மெக்சிகோக்காரன் திருடினான், உன் தலைவர்களே உன்னை விற்றார்கள் என்கிறார். வேலை வருகிறதா இல்லையா என்பது பிறகு. 'உன்மேல் தப்பில்லை' என்பது சொன்ன மறு நிமிடமே கைக்கு வந்துவிடுகிறது. அண்ணா கேட்கிற கேள்விக்கு என் பதில் இதுதான். அவர்கள் கணக்கில் ஒரு பாக்கி தீர்ந்துவிட்டது.

நெல்லை வாசகன்:
உருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு பெரிய ஓட்டை. அதே உருக்காலைகளில், அதே கார் ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்களும் வேலை இழந்தார்கள். அவர்களுக்கு அவமானம் இல்லையா, வீட்டுக்கடன் இல்லையா? அவர்களில் மிகப் பெரும்பான்மை ட்ரம்புக்குப் போடவில்லை. 2016 வாக்குக்கணிப்பைப் பாருங்கள், வருட வருமானம் 50,000 டாலருக்குக் கீழே உள்ளவர்களில் அதிகம் பேர் ஹிலாரி பக்கம்தான். கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளையர்களில்தான் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ட்ரம்புக்கு அள்ளிக் கொடுத்தார்கள். ஏழ்மை, அவமானம் என்று பேசிப் பேசி நிறவெறிக்கு வெள்ளையடிக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
தம்பி நெல்லை, நீங்கள் சொல்வது சரி, அதை ராஜியம்மா சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். கறுப்பினக் குடும்பத்தில், ஆள் விழுந்தால் ஏன் விழுந்தான் என்பதற்கு ஊரே அறிந்த பதில் இருக்கிறது. அடிப்பது யார் என்று பாட்டி காலத்திலிருந்தே தெரியும். வெள்ளைத் தொழிலாளிக்கு அப்படி ஒரு பதில் கைவசம் இல்லை, நாடு உனக்குத்தான் என்று சொல்லி வளர்த்தார்கள், பிறகும் தோற்றால் பழி முழுக்க அவன் தலையில். அங்கேதான் ட்ரம்பின் கதைக்கு இடம் கிடைத்தது. நிறவெறி அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

ஜனநாயகக் கட்சியின் கைங்கரியத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் இடையிலான நாஃப்டா வர்த்தக ஒப்பந்தத்தை 1993ல் கையெழுத்துப் போட்டுச் சட்டமாக்கியவர் அந்தக் கட்சியின் ஜனாதிபதி கிளின்டன், வேலை போனவர்களுக்கு வைத்திருந்த மருந்து மறுபயிற்சி. இருபத்தைந்து வருடம் லைனில் நின்றவனிடம் 'திறன் வளர்த்துக்கொள்' என்றால் அவன் காதில் விழுவது 'உனக்கு ஒன்றும் தெரியாது'. நானும் சங்கத்தில் இருந்தவன், நல்லெண்ணத்தோடு கொடுக்கும் சில உதவிகள் திட்டுவதைவிட உறைக்கும். 2016ல் ட்ரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை ஹிலாரி 'இழிவானவர்களின் கூடை'க்குள் போட்டுப் பேசியது வேறு. எதிராளி செய்ய வேண்டிய பிரசாரத்தை இவரே செய்து கொடுத்தார்.

திண்டல் மணி:
ஐயா, அப்படியானால் பைடன்? 2023ல் கார்த் தொழிலாளர் மறியலில் நேரில் போய் நின்ற முதல் பதவியிலிருக்கும் ஜனாதிபதி. லார்ட்ஸ்டவுனுக்கே புது பேட்டரி ஆலை வந்தது. 2024ல் அந்த ஊர் இன்னும் ட்ரம்ப் பக்கம்தானே சாய்ந்தது?

ஓய்வுபெற்ற ஃபிட்டர்:
பேட்டரி ஆலையில் தொடக்கச் சம்பளம் மணிக்கு 16 டாலர் சொச்சம். அப்பன் வாங்கியதில் பாதி. சங்கம் உள்ளே போய்ச் சண்டை போட்ட பிறகுதான் ஏறியது. அதே ஊரில் பாதிக்கூலிக்குப் போய் நின்றவனிடம் வேலை வந்துவிட்டது, சந்தோஷப்படு என்றால் எப்படி?

மரியாதை பேசினால் ஜனநாயகக் கட்சிக்கும் பலன் கொஞ்சம் உண்டு. ஒஹாயோ செனட்டராக இருந்த அந்தக் கட்சியின் ஷெராட் பிரவுன் உழைப்பின் மரியாதை என்பதையே கோஷமாக வைத்திருந்தவர், நாஃப்டாவை அன்றைக்கே எதிர்த்தவர். 2018ல் ஜெயித்தார். 2024ல் தோற்றார், ஆனால் ஜனாதிபதித் தேர்தலில் கமலா அந்த மாநிலத்தில் 11 புள்ளியில் தோற்றபோது இவர் தோற்றது 4 புள்ளிக்குள். அந்த இடைவெளியில் ஒரு பங்கு, ட்ரம்புக்கும் போட்டு பிரவுனுக்கும் போட்டவர்கள். நம் இழையில் யாராவது அவர்களிடம் பேசியிருந்தால் எழுதுங்கள், ராஜியம்மா உங்களைத்தான் கேட்கிறேன்.